தண்ணி எதுவரைக்கும் வந்திருக்கு?

மீனாட்சிபுரம் டீக்கடையில் சைக்கிளைச் சாய்த்தபோது மணி ஆறரை. பொள்ளாச்சியிலிருந்து இருட்டோடு கிளம்பி, அம்பராம்பாளையத்தில் ஆழியாற்றுப் பாலத்தைத் தாண்டி வந்திருந்தேன். தமிழ்நாட்டின் கடைசித் தென்னந்தோப்பு எங்கே முடிந்தது, கேரளத்தின் முதல் தோப்பு எங்கே தொடங்கியது என்று தெரியவில்லை. பலகைகளில் எழுத்து மாறியிருந்தது. கடைக்குள் பேச்சு மாறவில்லை. அதே கொங்குத் தமிழ், நடுவில் நாலைந்து மலையாளச் சொற்கள்.

“எங்கீங்க போறீங்க?”

“கனாலுக்குங்க.”

“ஆரு தோட்டத்துக்கு?”

“தோட்டத்துக்கு இல்லீங்ணா. மூலத்தறைக்குப் போயி, அங்கிருந்து கனால் கரையிலயே போலாம்னு.”

டீ ஆற்றிய கை பாதியில் நின்றது. என் தலைக்கவசத்தையும் சைக்கிளின் தடித்த டயரையும் ஒரு பார்வை பார்த்தார். “இரிகேசனுங்களா?”

இல்லை என்றேன். நம்பியதாகத் தெரியவில்லை. கால்வாய்க் கரையில் காரணமில்லாமல் யாரும் போவதில்லை. தண்ணீர் திறக்கப் போவார்கள், திருடப் போவார்கள், திருடியவரைப் பிடிக்கப் போவார்கள். வேடிக்கை பார்க்கப் போகிறேன் என்று சொல்ல அங்கே வழக்கமில்லை. நான் அதிகாரி என்ற சந்தேகம் அன்று மாலைவரை எனக்கு முன்னால் போய் ஊர் ஊராகக் காத்திருந்தது.

*

கிராவல் என்றால் நம் பக்கம் லாரியில் வருவது. தோட்டத்துப் பாதை சேறானால் “ரெண்டு லோடு கிராவல் அடிச்சா சரியாப் போயிரும்” என்பார்கள். அதே சொல் கடந்த இருபது ஆண்டுகளில் உலகத்தில் ஒரு சைக்கிள் விளையாட்டின் பெயராகிவிட்டது. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் எம்போரியா என்ற சிற்றூரைச் சுற்றியுள்ள சரளைப் பாதைகளில் 2006இல் சிலர் 200 மைல் ஓட்டத் தொடங்கினார்கள். 2022இல் சர்வதேச சைக்கிள் சங்கம் முதல் கிராவல் உலகப் போட்டியையே நடத்தியது. இத்தாலியின் விச்சென்சாவில் கிளம்பி சித்தடெல்லாவில் முடிந்த அந்தப் பாதையில் பெரும்பகுதி சமவெளி, ஆற்றங்கரை, வயலோரம். மலையேறிச் சாகசம் செய்யும் சைக்கிளும் வேண்டாம், தார்ச் சாலையில் பறக்கும் மெல்லிய டயரும் வேண்டாம் என்பவர்களுக்கான நடுவழி அது.

என்னுடையது பழைய இரும்புச் சட்டம். டயர் மட்டும் 40 மில்லிமீட்டர் அகலத்தில் புதிதாக மாற்றியது. காற்றைக் கொஞ்சம் குறைத்தே அடித்திருந்தேன். இறுகிய டயர் ஒவ்வொரு கல்லுக்கும் துள்ளும்; கொஞ்சம் தளர்ந்த டயர் கல்லை விழுங்கிக்கொண்டு போகும். இந்த ஒரு நுணுக்கம் தெரிந்தால் சரளையில் பாதிப் பயணம் முடிந்த மாதிரி.

மீதிப் பாதி, எங்கே ஓட்டுவது என்பது. இங்கிலாந்தில் கால்வாய்க்குப் பக்கத்தில் பாதை வைத்தது குதிரைக்காக. கரையில் நடக்கும் ஒரு குதிரை, தண்ணீரில் 30 டன் சரக்கேற்றிய படகைக் கயிறு கட்டி இழுத்தது. ரயில் வந்து படகுகள் ஓய்ந்தபின் அந்தப் பாதைகள் நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் வந்து சேர்ந்தன. எங்கள் பக்கத்துப் பாசனக் கால்வாய்களில் படகு போனதில்லை. ஆனாலும் கரையில் பாதை உண்டு, பாசனத் துறை ஜீப் போக, லஸ்கர் நடக்க. மதகைத் திறந்து மூடித் தண்ணீரைக் காவல் காக்கும் கடைநிலை ஊழியருக்கு லஸ்கர் என்று பெயர். கால்வாய் வெட்டும்போது வாரிப் போட்ட மண்ணே கரை. அதன்மேல் கொட்டிய கிராவலே பாதை. யாரும் விளையாட்டுக்காகப் போட்டதில்லை. அதனால்தான் ஓட்ட நன்றாக இருக்கிறது.

*

மூலத்தறையில் ஆறு தடுக்கப்படுகிறது. காலையில் நான் ஆழியாறு என்று சொல்லிக் கடந்த அதே ஆறு. எல்லை தாண்டியதும் சித்தூர்ப்புழை; சித்தூர் நகரை ஒட்டிப் போகையில் சோகநாசினி. மலையாள மொழியின் தந்தை என்று சொல்லப்படும் துஞ்சத்து எழுத்தச்சனின் குருமடம் அந்தக் கரையில்தான் இருக்கிறது. அதன்பின் கண்ணாடிப்புழை, பறளியில் கல்பாத்திப்புழையோடு சேர்ந்து பாரதப்புழை, பொன்னானியில் கடல். ஒரே தண்ணீர் ஊருக்கொரு பேர் வைத்துக்கொண்டு போகிறது. எந்தப் பேரில் எவ்வளவு போகலாம் என்பதைத்தான் இரண்டு மாநிலங்கள் கணக்குப் பார்க்கின்றன.

அந்தக் கணக்குக்குப் பேர் பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தம். கையெழுத்தானது 1970 மே 29. நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்பட்ட தேதி 1958 நவம்பர் 9. மேற்கே ஓடிக்கொண்டிருந்த மலையாறுகளை அணைகளாலும் சுரங்கங்களாலும் கோத்துக் கிழக்கே தமிழ்நாட்டுச் சமவெளிக்குத் திருப்பினார்கள். அதற்கு ஈடாகச் சித்தூர் வயல்களுக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீரை எல்லையோரம் மணக்கடவு அணைக்கட்டில் தமிழ்நாடு அளந்து கொடுக்க வேண்டும். 30 ஆண்டுக்கு ஒருமுறை மறுபரிசீலனை என்ற விதியும் உண்டு. அந்தக் கெடு 1988இல் வந்தது. பேச்சு இன்னும் நடக்கிறது.

எங்கள் வீட்டில் இந்த ஒப்பந்தத்துக்கு வேறு பேர். ஆனைமலைப் பக்கம் பழைய ஆயக்கட்டில் வயல் வைத்திருந்த என் பெரியப்பாவுக்கு, வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் காரணம் ஒன்றே ஒன்றுதான்: “கேரளாவுக்கு உட்டுட்டானுங்க.” சிறு வயதில் கேரளா என்பது தண்ணீர் குடிக்கும் ஒரு பெரிய வாய் என்றே நினைத்திருந்தேன். அந்த வாய்க்குள்தான் இப்போது சைக்கிள் ஓட்டப் போகிறேன்.

மூலத்தறைத் தடுப்பிலிருந்து இரு பக்கமும் கால்வாய் பிரிகிறது. வலதுகரைக் கால்வாய் வடக்கே வறண்ட கரிசல் பகுதிகளை நோக்கிப் போகிறது. அதைக் கோரையாறு, வரட்டையாறு தாண்டி வேலந்தாவளம்வரை நீட்டுவது நெடுநாள் கோரிக்கை. 2009 நவம்பரில் வந்த வெள்ளம் இந்தத் தடுப்பின் கரையையே உடைத்துக்கொண்டு போனது; புதுக்கிக் கட்டப் பல ஆண்டுகள் பிடித்தன. அன்று காலை நீர் சாதுவாக ஷட்டரின் அடியில் நுரைத்துக்கொண்டிருந்தது. நான் இடதுகரைக்குத் திரும்பினேன்.

*

தை மாதம். பாலக்காட்டுக் கணவாயில் கிழக்குக் காற்று அடிக்கும் காலம். வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை; மேற்குத் தொடர்ச்சி மலை முழுவதிலும் இவ்வளவு அகலமான வாசல் இது ஒன்றுதான். 30 கிலோமீட்டருக்கு மேல் அகலம் உள்ள அந்த வாசலில் மார்கழி, தை மாதங்களில் தமிழ்நாட்டுக் காற்று கேரளத்துக்குள் அடித்துக்கொண்டு நுழைகிறது. பனை ஓலைகள் எல்லாம் மேற்கே சாய்ந்து சலசலத்தன. பாலக்காட்டு வயல்வெளிக்கு வரப்பெல்லாம் பனை. அது இல்லாவிட்டால் இங்கே காற்றைக் கண்ணால் பார்க்க முடியாது.

காற்று முதுகில். தண்ணீரும் என்னோடு மேற்கே. பெடல் மிதிப்பது வெறும் சம்பிரதாயம்.

கால்வாய் ஓரம் ஓட்டும்போது ஒன்று புரிகிறது. சமவெளி சமம் இல்லை. கண்ணுக்குத் தட்டையாகத் தெரியும் நிலத்தில் கால்வாய் நேரே போவதில்லை. வளைந்து, ஒதுங்கி, ஒரு மேட்டைச் சுற்றிக்கொண்டு, நிலத்தின் உயரமான முதுகைப் பிடித்துக்கொண்டே போகிறது. அப்போதுதான் இரு பக்கமும் தண்ணீர் இறங்கும். இந்த மாதிரிக் கால்வாய்களுக்குக் கிலோமீட்டருக்கு ஒரு சாண், இரண்டு சாண் இறக்கம் இருந்தால் போதும். கூடினால் மண்ணை அரிக்கும். குறைந்தால் வண்டல் படியும். மட்டக்கோல் பிடித்தவரின் கண்ணுக்கு மட்டும் தெரிந்த அந்த ஒரு சாணைத் தண்ணீர் தவறவிடுவதில்லை. அரை மணி நேரம் ஓட்டினால் தொடையும் தெரிந்துகொள்கிறது. தார்ச் சாலையில் நாம் ஊரைப் பார்த்துப் போகிறோம். கால்வாய்க் கரையில் தண்ணீர் பார்க்கிற இடத்தைப் பார்க்கிறோம்.

இடது பக்கம் தென்னந்தோப்புகள். பாளைகளில் கள் கலயங்கள் தொங்கின. கேரளத்தின் மற்ற பல மாவட்டக் கள்ளுக்கடைகளுக்கும் சித்தூர்த் தென்னையிலிருந்துதான் கள் போகிறது. கரைப்பாதையில் எனக்கு எதிரே வந்த முதல் வாகனமும் கேன் ஏற்றிய கள் வண்டிதான். ஒதுங்கி நின்றேன். புளித்த வாசனை என்னைக் கடந்து கிழக்கே போகப் பார்த்து, காற்றில் திரும்பி என் முகத்திலேயே அடித்தது. நாலு கிலோமீட்டர் கிழக்கே போனால் அதே தென்னையில் அதே பாளையைக் கள்ளுக்காகச் சீவுவது குற்றம்.

கன்னிமாரியை நெருங்கும்போது பத்துப் பதினைந்து பெண்கள் கால்வாய்ச் சரிவில் புல் அரிந்துகொண்டிருந்தார்கள். சட்டைக்கு மேல் சட்டை, தலையில் துண்டு. தமிழ்நாட்டில் நூறு நாள் வேலை என்பதை இங்கே தொழிலுறப்பு என்கிறார்கள். கன்னிமார் சாமி இல்லாத வாய்க்கால் கொங்கில் குறைவு. ஊர்ப் பேரிலேயே கன்னிமார் இருப்பதாக என் காதுக்குப் பட்டது. இறங்கி நின்றேன்.

“சாரு இரிகேசனா?”

“இல்லீங்க்கா. சும்மா சைக்கிள் ஓட்டறேன்.”

“சும்மாவா?” ஒருவர் சிரித்தார். “அப்ப மேல இருந்துதான வர்றீங்க? தண்ணி நெறைய வருதுங்களா? எத்தன ஷட்டர் தூக்கியிருக்குது?”

எண்ணவில்லை. மூலத்தறையில் நுரையைப் பார்த்தேன், கொக்கைப் பார்த்தேன், பனையைப் பார்த்தேன். ஷட்டரை எண்ணவில்லை. அதைச் சொன்னபோது அந்தக்கா முகத்தில் வந்த ஏமாற்றம், அவ்வளவு தூரம் கரையில் வந்தவன் இதைக்கூடப் பார்க்காமலா வந்தான் என்பது போல இருந்தது. அதன்பிறகு ஒவ்வொரு மதகிலும் நின்று பார்த்தேன்.

*

கரை ஓரிடத்தில் கசிந்துகொண்டிருந்தது. சிமெண்ட் பூச்சு விரிந்த இடம். கேரளத்தில் கரிசல் மண் இருப்பதே இந்தச் சித்தூர்ப் பக்கம்தான். நனைந்த கரிசலைப் பற்றி எனக்குத் தெரியும் என்று நினைத்து நேரே விட்டேன். பத்து மீட்டரில் சக்கரம் உருளையாக வீங்கியது; இருபதாவது மீட்டரில் பிரேக்குக்கும் டயருக்கும் நடுவே மண் அடைத்துச் சக்கரமே நின்றது. வேப்பங்குச்சியால் நோண்டி எடுத்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்துத் தோட்டத்திலிருந்து மண்வெட்டியோடு ஒருவர் வந்தார். “அங்க வராதீங்கன்னு கத்துனேன். காத்துல கேக்கல போல.”

“இதை அடைக்க மாட்டாங்களாங்க?”

“அடைச்சாத்தான் வெனை” என்றார். கசிவுக்குக் கீழே நூறடியில் அவருடைய கிணறு. இந்தக் கசிவு இருக்கும்வரை கிணற்றில் சித்திரையிலும் தண்ணீர். மேலே ஒரு பகுதியில் சிமெண்ட் பூசிய வருஷம் அங்கே இரண்டு கிணறுகள் இறங்கிப்போயின என்றார்.

பொறியாளர் கணக்கில் கசிவு நஷ்டம். கிணற்றுக்காரர் கணக்கில் அது வரவு. மண்வாய்க்காலில் விட்ட தண்ணீரில் கணிசமான பங்கு மண்ணுக்குள் போய்விடும். அது எங்கும் காணாமல் போவதில்லை, ஊர்க் கிணறுகளில் மெதுவாக ஏறி நிற்கும். மேலே ஓடும் தண்ணீருக்கு ஷட்டரும் லஸ்கரும் ஒப்பந்தமும் உண்டு. கீழே ஓடும் தண்ணீருக்கு ஒன்றுமில்லை. அதற்கு யார் உடைமைக்காரர் என்ற கேள்வியைத்தான் அடுத்த ஊர் நாடறியக் கேட்டது.

*

பிளாச்சிமடை. பேரின் பின்பாதியில் என் தமிழ்க் காதுக்கு மடை கேட்கிறது. எல்லையிலிருந்து 5 கிலோமீட்டர் போல. பெருமாட்டிப் பஞ்சாயத்தைச் சேர்ந்தது. கால்வாய் ஒரு நீண்ட மதில்சுவரை ஒட்டி ஓடுகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் கொக்கோ கோலா ஆலை இருந்தது.

2000ஆம் ஆண்டில் உற்பத்தி தொடங்கியது. மூலத்தறைக் கால்வாய் பக்கத்திலேயே ஓடினாலும், சற்றுத் தள்ளிக் கம்பாலத்தறை ஏரி, வெங்கலக்கயம், மீன்கரை அணை என்று நீர்நிலைகள் இருந்தாலும், ஆலை எடுத்தது நிலத்தடி நீரை. இரண்டு ஆண்டுக்குள் சுற்றியிருந்த குடியிருப்புகளில் கிணற்று நீர் இறங்கியது, சுவை கெட்டது, சோறு சரியாக வேகவில்லை என்று பெண்கள் சொல்லத் தொடங்கினார்கள். பெரும்பாலும் இரவாளர், மலசர் பழங்குடியினர். 2002 ஏப்ரல் 22 அன்று ஆலை வாசலுக்கு எதிரே பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். இரவாளர் சமூகத்தின் மயிலம்மா அந்தப் போராட்டத்தின் முகமானார்; 2007 ஜனவரியில் காலமாகும்வரை அதை விடவில்லை. உரம் என்று விவசாயிகளுக்குக் கொடுக்கப்பட்ட ஆலைக் கசடில் காட்மியமும் ஈயமும் இருப்பதை 2003இல் பி.பி.சி. வானொலி ஆய்வகத்தில் சோதித்து வெளியிட்டது. தன்மீதான குற்றச்சாட்டுகளை நிறுவனம் மறுத்தது.

பெருமாட்டிப் பஞ்சாயத்து 2003 ஏப்ரலில் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. அந்த டிசம்பரில் கேரள உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி, நிலத்தடி நீர் பொதுச் சொத்து, அரசு அதன் காவலர் மட்டுமே என்றார். 2005இல் இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர் எடுக்க அனுமதித்தது. ஆனால் 2004 மார்ச்சில் நின்ற ஆலையில் முழு உற்பத்தி மறுபடி தொடங்கவில்லை. 2010இல் கேரள அரசின் உயர்நிலைக் குழு இழப்பை 216.26 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. அதை வசூலிக்கத் தீர்ப்பாயம் அமைக்கும் மசோதா 2011இல் சட்டமன்றத்தில் நிறைவேறியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. ஆலையை இனி இயக்கப் போவதில்லை என்று நிறுவனம் 2017இல் உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. 2021இல் அதே கட்டடம் கொரோனா சிகிச்சை மையமாகக் கொஞ்ச காலம் இருந்தது.

மதிலோரத்தில் சைக்கிளை நிறுத்தி, கரைமேல் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 7.25 டி.எம்.சி. என்பது சுமார் 20,500 கோடி லிட்டர். நாளுக்கு 5 லட்சம் லிட்டர் என்றால் ஆண்டுக்கு 18 கோடி லிட்டர் சொச்சம். ஆற்றில் வர வேண்டிய பங்கில் ஆயிரத்தில் ஒன்றுகூட இல்லை. காகிதத்தில் பார்த்தால் இதற்கா இவ்வளவு சண்டை என்று தோன்றும். ஆனால் கிணறு காகிதத்தைப் பார்த்து ஊறுவதில்லை. ஒரே இடத்தில் ஆழமாக உறிஞ்சினால் பக்கத்து ஊற்றுக்குத்தான் முதலில் தெரியும். ஆற்றில் எத்தனை கோடி ஓடினாலும் அது மயிலம்மாவின் வாளிக்கு எட்டாத தண்ணீர். என் காலடியில் ஓடிய கால்வாய்க்கும் அந்தக் குடியிருப்புக்கும் நடந்து போகும் தூரம்தான். தண்ணீருக்குப் பக்கத்தில் இருப்பது வேறு, தண்ணீர் கிடைப்பது வேறு என்று இந்தக் கரையில் உட்கார்ந்தபோது புரிந்த அளவு எந்தப் புத்தகத்திலும் புரிந்ததில்லை.

ஒரு மீன்கொத்தி மதில்மேலிருந்து கால்வாயில் பாய்ந்து, எதையோ எடுத்துக்கொண்டு, திரும்பவும் மதிலுக்கே போய் உட்கார்ந்தது.

*

வண்டித்தாவளம் பக்கம் ஒரு கிளை வாய்க்காலில் இறங்கினேன். தாவளம் என்றால் தங்குமிடம். கொங்கிலிருந்து கணவாய் வழியே போன வண்டிகள் மாடு அவிழ்த்துப் போட்ட ஊராக இருந்திருக்க வேண்டும். கால்வாயில் இடுப்பளவு ஓடிய தண்ணீர் கிளையில் முழங்காலளவானது. அதிலிருந்து பிரிந்த வாய்க்காலில் கணுக்கால். கரையும் குறுகிக்கொண்டே வந்தது: ஜீப் பாதை, பிறகு டிராக்டர்த் தடம், பிறகு ஒற்றையடி. கிராவல் முடிந்து மண் வந்தது. தண்ணீருக்கும் பாதைக்கும் ஒரே நேரத்தில் பணம் தீர்ந்துபோன மாதிரி இருந்தது.

கடைமடையில் டயர் பஞ்சர். இரண்டு சக்கரத்திலும் நெருஞ்சி முள். உலகமெங்கும் கிராவல் ஓட்டுகிறவர்களைக் குப்புறத் தள்ளும் எதிரி இந்தச் சின்ன மஞ்சள் பூச்செடிதான். காலில் ஏறினால் நாலு முள், டயரில் ஏறினால் நாற்பது. ட்யூபை வெளியே எடுத்துக் காற்றடித்தேன். ஓட்டை எங்கே என்று பார்க்கத் தண்ணீரில் முக்க வேண்டும். வாய்க்காலில் இறங்கினேன். ஈர மண் இருந்தது. ட்யூப் முங்கும் அளவு தண்ணீர் இல்லை.

வரப்பில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் எழுந்து சாளைக்குள் போனார். ஒரு அலுமினியக் குண்டாவில் தண்ணீரோடு வந்தார். “இதுல பாருங்க தம்பி.” முக்கினேன். மூன்று இடத்தில் குமிழி. ஒட்டி முடித்ததும் அந்தத் தண்ணீரைக் கொட்டப் போனேன். கையை நீட்டி வாங்கி, சாளையோரத்து முருங்கைக்கு ஊற்றினார்.

நெல் பொதிகட்டி நின்றது. பால் பிடிக்கும் முன் நிலம் காய்ந்தால் பதராகிவிடும். “இன்னும் ரெண்டு தண்ணி வேணும். ரெண்டே ரெண்டு” என்றார். பிறகு, காலையிலிருந்து எல்லோரும் கேட்ட கேள்வி:

“தண்ணி எதுவரைக்கும் வந்திருக்கு?”

இந்த முறை பதில் இருந்தது. மூலத்தறையிலிருந்து நிறையத்தான் கிளம்பியது. கன்னிமாரியில் முக்கால். பிளாச்சிமடை தாண்டி அரைக்கும் மேலே. கிளை பிரியும் இடத்தில் ஒரு ஷட்டர் பாதிதான் திறந்திருக்கிறது. அதற்குக் கீழே மூன்றாவது மடையில் மணல்மூட்டை வைத்திருக்கிறார்கள்.

அவர் ஒவ்வொன்றாகத் தலையாட்டிக் கேட்டார். ஒரு மருத்துவ அறிக்கை படித்த மாதிரி இருந்தது எனக்கு. “மூணாவது மடை” என்று திரும்பச் சொன்னார். “திரும்பிப் போறப்ப அங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. நாஞ் சொன்னேன்னு வேணாம். பயிரு பொதிகட்டி நிக்குதுன்னு மட்டும் சொல்லுங்க.”

*

திரும்பும்போது எல்லாம் எதிர். காற்று எதிர், தண்ணீர் எதிர். காலையில் ஒரு மணி நேரத்தில் வந்த தூரத்துக்கு இரண்டரை மணி நேரம். கைப்பிடியில் குனிந்து, மேல்மூச்சு வாங்கி, நடப்பவர் வேகத்தில்.

மூன்றாவது மடையில் ஓர் அக்கா. நான் வாயைத் திறக்குமுன் அவரே தொடங்கிவிட்டார். “எழுதிக்குங்க சாரே. எங்க முறை நேத்து ராத்திரி. ராத்திரி பூரா டார்ச் வெச்சுட்டு நின்னோம். சொட்டுத் தண்ணி வரல. இப்ப வந்ததையும் உட்டுட்டு நாங்க எங்க போறது?” கீழே பயிர் பொதிகட்டி நிற்பதைச் சொன்னேன். அவருக்குத் தெரியும். “பெரீப்பாவோடதுதான அது. ஒரு மணி நேரத்துல எடுத்துருவேன்னு சொல்லுங்க” என்றார். இனி நான் கீழே போகப் போவதில்லை என்பது அவருக்கும் தெரியும்.

பாதி திறந்த ஷட்டரின் பக்கத்தில் லஸ்கர், மரநிழலில். “நானென்ன பண்றது? மெயினுலயே லெவல் ஏறல. மேல கேளுங்க.” மேலே மூலத்தறை. அங்கே கேட்டால் மணக்கடவு என்பார்கள். மணக்கடவில் கேட்டால் ஆழியாறு அணை. ஆழியாற்றில் கேட்டால் பரம்பிக்குளம், சோலையாறு, மழை. நடுவில் எங்கோ என் பெரியப்பா, வற்றிய வாய்க்காலில் நின்றுகொண்டு “கேரளாவுக்கு உட்டுட்டானுங்க” என்கிறார். அவர் சொன்ன கேரளா முருங்கைக்கு ஒரு குண்டா தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது. தனக்கு மேலே ஒரு திருடன் இருக்கிறான் என்று நினைக்காத மடை ஒன்றையும் நான் பார்க்கவில்லை. தனக்குக் கீழேயும் ஒரு மடை இருக்கிறது என்பதை நினைவூட்டத்தான் ஆள் வேண்டியிருக்கிறது. கீழிருந்து மேலே, காற்றுக்கு எதிராக, அந்தச் செய்தியைக் கொண்டுபோவது தண்ணீரால் முடியாத வேலை.

மூலத்தறையில் இறங்கி ஷட்டர்களை எண்ணினேன். காலையில் கேட்ட அக்கா வீட்டுக்குப் போயிருப்பார். இருந்தாலும் எண்ணினேன்.

டீக்கடையில் விளக்குப் போட்டிருந்தார்கள். அதே ஆள், அதே குவளை. முழங்கால்வரை கரிசலும் முகத்தில் புழுதியுமாக என்னைப் பார்த்தவர், இரிகேசனா என்று இந்த முறை கேட்கவில்லை. டீயை வைத்துவிட்டு, பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

“எம் மச்சானுக்கு கம்பாலத்தறைக்குக் கீழ ரெண்டு ஏக்கரா இருக்குதுங்க. தண்ணி எதுவரைக்கும் வந்திருக்கு?”

டீ ஆறட்டும் என்று வைத்துவிட்டு, மூலத்தறையிலிருந்து ஆரம்பித்துச் சொன்னேன்.